பெங்களூரில் 24 லட்சம், கோத்தகிரியில் எவ்வளவு?

எனக்கு எழுதிக் கேட்ட ஒரு தம்பியின் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். பெங்களூரு பெல்லந்தூரில் டேட்டா சயின்டிஸ்ட். ஏழு வருட அனுபவம், சி.டி.சி., அதாவது பி.எஃப். எல்லாம் சேர்த்து கம்பெனி அவருக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 24 லட்சம். சொந்த ஊர் கோத்தகிரி. அங்கே இரண்டு அறை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். மகளுக்கு மூன்று வயது. ஊருக்கே போய் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு வேலை பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, "தாராளமாக. ஆனால் அங்கே விலைவாசி குறைவு, சம்பளத்தில் 20 சதவீதம் குறையும்" என்று எச்.ஆர். சொல்லிவிட்டார். இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் செலவுகளைப் போட்டால், கோத்தகிரியில் 16 லட்சம் வாங்கினாலே பெங்களூரு 24க்குச் சமம் என்று வருகிறதாம். "அப்படியானால் 19.2 லட்சம் கிடைப்பது எனக்கு லாபம்தானே அக்கா?"

லாபம் இல்லை. பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த 16 லட்சக் கணக்கை நம்பி எச்.ஆரிடம் பேச உட்கார்ந்தீர்கள் என்றால், நஷ்டத்தை நீங்களே எழுதிக் கொடுத்து வருவீர்கள்.

நான் குன்னூர்க்காரி. பதினாறு வருடமாக இதே தொழில். அதில் கடைசி ஐந்து வருடம் இங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். உங்கள் கணக்கை நானும் ஒரு காலத்தில் தப்பாகப் போட்டவள்தான்.

கால்குலேட்டர் செய்வது ரொம்ப எளிய வேலை. பெங்களூரில் மாதச் செலவு 76 ஆயிரம், கோத்தகிரியில் 50 ஆயிரம். ஐம்பதை எழுபத்தாறால் வகுத்தால் 0.66. சம்பளத்தை அதால் பெருக்கினால் 15.8 லட்சம். முடிந்தது. கோளாறு எங்கே என்றால், நீங்கள் சம்பளம் முழுவதையும் பெல்லந்தூரில் செலவழிப்பதில்லை. கைக்கு வருவதில் பாதிக்கு மேல் சேமிப்பு. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடும் ஆயிரம் ரூபாய்க்குக் கோத்தகிரி விலை, பெங்களூரு விலை என்று இரண்டு கிடையாது. மகள் பதினைந்து வருடம் கழித்து எந்த ஊர்க் கல்லூரிக்குப் போவாளோ, அந்த ஊர்க் கட்டணத்தைத்தான் கட்டப்போகிறீர்கள். நாளைக்குத் தங்கம் வாங்கினாலும், கோயம்புத்தூரில் மனை வாங்கினாலும் மலை விலை என்று யாரும் தள்ளிக் கொடுக்கப்போவதில்லை. ஆகவே சம்பளத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஊரில் செலவாகிற பணம், ஊரோடு சம்பந்தமில்லாத பணம். விலைவாசி வித்தியாசம் முதல் பாதிக்கு மட்டும்தான்.

நீங்கள் அனுப்பிய பெங்களூரு செலவையே எடுத்துக்கொள்வோம். வாடகையும் மெயின்டனன்ஸும் 39,000. மளிகை, காய்கறி, பால், கேஸ் 14,000. வெளியே சாப்பிடுவதும் வரவழைத்துச் சாப்பிடுவதும் 8,000. போக்குவரத்து 6,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 5,000. கரண்ட், நெட், தண்ணீர் 4,000. மொத்தம் 76,000. மகளின் பள்ளியை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

கோத்தகிரிக்கு என் நோட்டிலிருந்தும் அங்கே இருக்கும் தோழியின் நோட்டிலிருந்தும் எடுத்த கணக்கு: வாடகை 14,000. மளிகை வகையறா அதே 14,000. வெளியே சாப்பாடு 2,000, ஏனென்றால் சாப்பிடப் போக இடமே குறைவு. வீட்டு வேலைக்கு 3,500. கரண்ட், இரண்டு நெட், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 4,500. வண்டிக்கு 4,000. மாதம் ஒருமுறையாவது கோயம்புத்தூர் இறங்கி ஏற 4,000. ஆபீஸில் முகம் காட்ட மாதம் ஒருமுறை பெங்களூரு போய்வர 4,000. மொத்தம் 50,000.

மிச்சம் 26,000. அதில் 25,000 வாடகையில் மட்டும் வந்தது. பாக்கி எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்தான் மிச்சம் பிடிக்கிறது. சாப்பாட்டிலும் வேலையாள் சம்பளத்திலும் குறைந்ததைக் கோயம்புத்தூர் பஸ்ஸும் பெங்களூரு பஸ்ஸும் தின்றுவிட்டன. மலை மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலையில் வாடகை மலிவு, அவ்வளவுதான்.

இப்போது கைக்கு வரும் பணம். அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, பி.எஃப். மாதம் 1,800 என்ற உச்சவரம்போடு, 2025-26க்கான புதிய வரிமுறை என்று வைத்துப் போட்டேன். 24 லட்சத்துக்கு மாதம் சுமார் 1,68,000 வரும். 19.2 லட்சத்துக்குச் சுமார் 1,39,000. சி.டி.சி.யில் 20 சதவீதம் போனாலும் கையில் குறைவது 17 சதவீதம்தான். உங்கள் சம்பளத்தின் மேல் நுனி 25 சதவீத வரி அடுக்கில் இருப்பதால், வெட்டுப்படும் 4.8 லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வருமான வரி இலாகாவின் நஷ்டம். இதை அந்தக் கால்குலேட்டர் சொல்லாது.

பெங்களூரில் இப்போது மிஞ்சுவது 92,000. கோத்தகிரியில் 19.2 லட்சத்துக்கு மிஞ்சப்போவது 89,000. மூவாயிரம் குறைவு. அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு மூவாயிரம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். ஆனால் கால்குலேட்டர் "சமம்" என்று சொன்ன 16 லட்சத்தில் மிஞ்சுவது வெறும் 68,000. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2.9 லட்சம் போய்விடும். அதற்குப் பெயர் சமம்!

இந்தத் தப்பு நம் ஊர்க் கால்குலேட்டர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் டேட்டா சயின்டிஸ்ட்களின் நடுநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது, 2024 மே மாதக் கணக்கில் வருடம் 1,12,590 டாலர். அங்கே அரசே மாநிலவாரியாக விலைமட்டத்தைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. நாடு முழுவதற்கும் 100 என்றால் கலிஃபோர்னியா 110க்கு மேல், மிசிசிப்பியும் ஆர்கன்சாவும் 90க்குக் கீழ். அதே சம்பளத்தை 1.10ஆல் வகுத்தால் சுமார் 1,02,000 டாலர் மதிப்பு, 0.90ஆல் வகுத்தால் சுமார் 1,25,000. இப்படி வகுத்து வகுத்துத்தான் "எந்த மாநிலத்தில் டேட்டா சயின்டிஸ்டுக்கு நல்ல சம்பளம்" என்று பட்டியல் போடுகிறார்கள். அங்கேயும் வித்தியாசத்தின் பெரும்பகுதி வாடகைதான். கடையில் வாங்கும் பொருளின் விலை மாநிலத்துக்கு மாநிலம் பெரிதாக மாறுவதில்லை. அங்கேயும் சேமிப்பைச் சேர்த்துத்தான் வகுக்கிறார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு அது பரவாயில்லை, வருவதெல்லாம் செலவாகிவிடுகிறது. நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தப்பும்.

நம் நாட்டில் அப்படி ஊருக்கு ஊர் ஒப்பிடும் அரசுக் கணக்கு இல்லை என்று சொன்னால், "குன்னூருக்கு இருக்கிறதே" என்று இங்கே ஒருவராவது சொல்வார். பாதி உண்மை. மத்திய அரசின் லேபர் பீரோ வெளியிடும் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு நாடு முழுவதும் 88 மையங்கள். குன்னூர் அதில் ஒன்று. சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம் வரிசையில் இந்தச் சின்ன மலையூர் இருப்பதற்குக் காரணம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். என் அப்பா டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். "பாயிண்ட் ஏறியிருக்கு" என்று அவர் சொன்னால், பஞ்சப்படி கூடியிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும். அதனால் எனக்கு அந்த எண் மேல் பாசம் உண்டு. நான் செய்த தப்பும் அங்கேதான்.

பெங்களூரை விட்டு வர யோசித்தபோது, குன்னூர் எண்ணையும் பெங்களூரு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தேன். குன்னூர் எண் அதிகம், ஆகவே குன்னூரில் விலைவாசி அதிகம் என்று முடிவுகட்டினேன். அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் வாதாடவும் போனேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "அடிப்படை ஆண்டில் இரண்டு ஊருக்கும் எவ்வளவு?" இரண்டுக்கும் 100. எல்லா ஊருக்கும் 2016இல் 100 என்று வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த எண், ஒரு ஊரில் 2016க்குப் பிறகு விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும். அந்த ஊர் இன்னோர் ஊரைவிட மலிவா என்று சொல்லாது. புள்ளியியல் படித்துவிட்டு அந்த அறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு எனக்கு முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்று பாருங்கள், உங்களுக்குப் பேசுவதற்கு நல்ல சரக்கு கிடைக்கும். மத்திய அரசில் அடிப்படைச் சம்பளத்தை ஊர் பார்த்துக் குறைப்பதில்லை, அகவிலைப்படியையும் குறைப்பதில்லை. முக்கியமாக மாறுவது வீட்டு வாடகைப்படிதான். பெங்களூரு, சென்னை போன்ற ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் எக்ஸ், கோயம்புத்தூர் ஒய், நம் மலையூர்கள் இசட். 2024 ஜனவரி முதல் முறையே அடிப்படையில் 30, 20, 10 சதவீதம். அடிப்படை ஒரு லட்சம் வாங்குபவர் பெங்களூரிலிருந்து குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்தால் வாடகைப்படியில் 20,000 குறையும். 2025 ஜூலையின் 58 சதவீத அகவிலைப்படியோடு சேர்த்துப் பார்த்தால், மொத்தச் சம்பளத்தில் அது பத்து, பதினோரு சதவீதம். அவ்வளவுதான். தமிழக அரசு இன்னும் ஒரு படி மேலே போய், மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படி, குளிர்காலப்படி என்று தனியாகக் கொடுக்கிறது. மலையில் செலவு கூடும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் எச்.ஆர். மலை என்பதாலேயே குறைக்கிறார்.

குளிர்காலப்படி எதற்கு என்று பெங்களூர்க்காரர்களுக்குப் புரியாது. ஜூலை, ஆகஸ்டில் வந்து பாருங்கள். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. மூன்றாவது நாள் அதில் ஒரு வாடை வரும், திரும்பத் துவைக்க வேண்டும். முதல் வருடம் நான் லேப்டாப் பையை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் மறந்துபோனேன். எடுத்தபோது தோள் வார் முழுக்க வெள்ளையாகப் பூசணம், ஜிப் திறக்கவில்லை. அன்றைக்கே ஹீட்டர் வாங்கினேன், அதன் பின்னால் கரண்ட் பில்லும் வந்தது. கீசர் இங்கே வருடம் முழுக்க ஓடும். காற்றில் கற்பூர மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்பது மரம் வெட்டுகிறவர் எப்போது வருவார் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இன்வெர்ட்டர், இரண்டு கம்பெனி நெட். இரண்டு கம்பெனியும் ஒரே கம்பத்தில் கேபிள் இழுத்திருக்கிறதா என்று கட்டாயம் நிமிர்ந்து பாருங்கள். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரே மரம் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு கிளையன்ட் மீட்டிங்கைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து மொபைலில் முடித்தேன்.

காய்கறியில் மிச்சமாகும் என்றும் எண்ண வேண்டாம். கேரட்டும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் கண்ணெதிரே விளைகின்றன, ஆனால் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும். இங்கே சில்லறைக் கடையிலும் அந்த மண்டி விலைதான் பேசும். உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் கொஞ்சம் குறையும். தக்காளி, வெங்காயம், அரிசி, பருப்பு எல்லாம் கீழேயிருந்து லாரியில் ஏறி வருவது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் அதே 14,000தான்.

அப்புறம் கோத்தகிரியில் இருட்டினால் நடந்து போவது பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரடியும் காட்டெருமையும் ரோட்டுக்கு வரும் ஊர். பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது கர்நாடகப் பதிவு வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தரமாக வந்தால் தமிழ்நாட்டுக்கு மாற்றிப் பதிந்து சாலை வரி கட்ட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பெங்களூரிலிருந்து பந்திப்பூர் வழி திரும்பினால் இரவு 9 மணிக்குள் காட்டைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் காலை 6 மணிக்குத்தான் கேட் திறக்கும். ஆபீஸ் முடிந்து கிளம்பி வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற கணக்கு நடக்காது, அதனால்தான் பெங்களூரு பயணத்துக்குப் பஸ் செலவு போட்டேன்.

ஆஸ்பத்திரி விஷயம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 700 படுக்கை ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். நிலைமை முன்பு மாதிரி இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது வந்தால் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான். மழைக்காலத்தில் குன்னூர் வழி மூடினால் கோத்தகிரி வழி, அது மூடினால் இது. மாதம் 4,000 என்று போட்டதில் இந்தச் செலவு அடங்காது, தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

இனி எச்.ஆர். சொன்ன காரணத்துக்கு வருவோம். விலைவாசி என்று வாயில் சொன்னாலும் கம்பெனிகள் உண்மையில் பார்ப்பது அந்த ஊரில் இந்த வேலைக்கு ஆள் என்ன விலைக்குக் கிடைப்பார் என்பதை. கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் இதை ஒளிக்காமல் எழுதியே வைத்திருந்தது. ஊருக்கு ஒரு காரணி எண் வைத்துச் சம்பளத்தைப் பெருக்குவார்கள், அந்த எண் அந்த ஊர்ச் சம்பளச் சந்தையைப் பார்த்து வந்தது. மாறாக ரெடிட் என்ற சமூக வலைத்தள நிறுவனம் 2020இல், அமெரிக்காவுக்குள் எங்கே இருந்தாலும் ஒரே சம்பளம் என்று அறிவித்தது. வேலைச் சந்தை விலை என்று வந்துவிட்டால், கோத்தகிரிக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. டேட்டா சயின்டிஸ்ட்களை வேலைக்கு எடுக்கும் சந்தை இந்த மலையில் இல்லை. ஆகவே அவர்கள் உங்களை "மற்ற ஊர்கள்" என்ற கடைசிப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டாம். நமக்குப் பக்கத்துச் சந்தை கோயம்புத்தூர், அங்கே சரவணம்பட்டியிலும் அவிநாசி ரோட்டிலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். "இந்த வேலையை விட்டால் நான் இறங்கிப் போகக்கூடிய இடம் அதுதான், அந்த ஊர் விலையை வைத்துப் பேசுங்கள்" என்று கேளுங்கள். இணையத்தில் "கோயம்புத்தூர் டேட்டா சயின்டிஸ்ட் சராசரி" என்று வரும் எண்களை மட்டும் காட்ட வேண்டாம். அதில் எக்செல் ரிப்போர்ட் போடுகிறவரும் பதவிப் பெயரில் டேட்டா சயின்டிஸ்ட்தான். பெங்களூரு சராசரி உயர்ந்து தெரிவதற்கும் அங்கே சீனியர்கள் அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

என்ன கேட்கலாம்? என் கணக்கில் 21 லட்சம். கையில் சுமார் 1,50,000 வரும், ஐம்பது போக ஒரு லட்சம் மிஞ்சும். பெங்களூரைவிட எட்டாயிரம் கூடுதல், அது ஆஸ்பத்திரிக்கும் ஹீட்டருக்கும் போகட்டும். அரசாங்கம் குறைக்கும் அளவும் கிட்டத்தட்ட இதேதான். அவர்கள் 19.2இலேயே நின்றாலும், எந்த வரியில் குறைக்கிறார்கள் என்பதை விடாதீர்கள். அடிப்படையைத் தொடாமல், எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) அல்லது தனிப்படி என்ற வரியில் குறைக்கச் சொல்லுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) அடிப்படையைப் பிடித்துத்தான் ஏறும், சில கம்பெனிகளில் இன்க்ரிமென்ட் சதவீதமும் அப்படித்தான். முழுச் சம்பளத்திலேயே கைவைத்து, வருடம் 8 சதவீதம் ஏறினால், இன்றைக்கு 4.8 லட்சமாக இருக்கும் இடைவெளி ஐந்து வருடத்தில் 7 லட்சம். திரும்பப் பெங்களூருக்கு மாறினால் பழைய சம்பளம் தானாகவே வந்துவிடும் என்று ஒரு வரியை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை சொல்லும் மேனேஜர் அதற்குள் வேறு கம்பெனியில் இருப்பார்.

இத்தனையும் அந்த 14,000 வாடகையின் மேல் நிற்கிறது. 22,000 ஆனால் கணக்கு புரண்டுவிடும். புரளக்கூடியதுதான். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது, அடுக்குமாடி எழும்பி வாடகை இறங்கும் என்று காத்திருக்க முடியாது. இருக்கிற நல்ல வீடுகளை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டால் ஏப்ரல், மே இரண்டு மாதச் சீசனிலேயே வருட வாடகையை எடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை மார்ச்சில், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார்கள். மே மாதம் அதே வீட்டு வாசலில் மூன்று டூரிஸ்ட் வண்டி நின்றது. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதினால், அது முடிகிற மாதம் சீசனுக்கு முன்னால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்க மே மாத லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும், வாடகையும் சீசன் விலைதான் சொல்வார்கள். ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு வாருங்கள். வடக்குப் பக்க அறையில் பீரோவை நகர்த்தச் சொல்லி, பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அடுத்த வீட்டுக்குப் போங்கள்.